அடித்துணி

அந்தப் பட்டறையில் ஒரு சோஃபாவின் வேலை முடிந்துவிட்டது என்பதற்கு ஒரே அடையாளம் அதன் அடித்துணிதான். மேல்துணி பளபளவென்று இருக்கலாம், கைப்பிடி ஓரத்தில் பித்தளை ஆணிகள் வரிசை பிசகாமல் நிற்கலாம். அதையெல்லாம் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஸ்பிரிங்கும் சட்டமும் தெரியாதபடி சோஃபாவின் வயிற்றுப் பக்கம் ஒரு கறுப்புத் துணியை இழுத்து, நாலு ஓரமும் பின் அடித்து மூடுவார்கள். போய்ச் சேரவேண்டிய இடத்தை அந்தத் துணியின் மூலையில் அண்ணன் சாக்பீஸால் எழுதியிருப்பார். தம்பி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். குனிந்து பார்ப்பான். மூடியிருந்தால் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். மூடவில்லை என்றால் டீக்கடைக்குப் போய்விடுவான். இருவருக்கும் நடுவே பேச்சு என்று ஒன்று தேவைப்படவில்லை.

தேவைப்படவில்லை என்பதைவிட, இல்லை என்பதுதான் சரி. எட்டு மாதமாக இல்லை.

தம்பியும் முன்பு தைக்கிறவன்தான். ஒருநாள் கடைக்கு வந்தவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அவன் தைத்து முடித்த சோஃபாவை அண்ணன் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பக்கத் தையல் நேராகப் போய் நடுவில் கொஞ்சம் கோணியிருந்தது.

"என்னடா இது?"

"அடியிலதானே அண்ணே. யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்," என்றார் அண்ணன். பிளேடை எடுத்து ஒரே இழுப்பில் அவ்வளவு தையலையும் பிரித்துப் போட்டார். அதோடு போயிருக்கும். கூட நின்றவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. தம்பி ஊசியைப் பலகைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். மறுநாள் முதல் வண்டி ஓட்டுவதோடு சரி, நூலைக்கூடத் தொடுவதில்லை. பட்டறைக்குள் வந்தால் ஏற்ற வேண்டியதை ஏற்றுவான். அண்ணனை 'நீ, வா, போ' என்று பேசிக்கொண்டிருந்தவன், பேச்சு நின்றதும் 'அவரு' என்று மரியாதையைக் கூட்டிவிட்டான்.

வீடு பட்டறைக்குப் பின்னால். அடுப்பு ஒன்றுதான். தம்பிக்கு மாடி அறை. இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் அண்ணன் மனைவி. பட்டறையில் உறைகள் தைக்கும் மெஷின் அவளுடையது. பக்கத்து வெல்டிங்காரர் அவளுக்கு 'பாபின்' என்று பெயர் வைத்திருந்தார். மெஷினுக்குள் கிடந்து சுற்றுகிற அந்தச் சின்ன உருளை மாதிரி, நாளெல்லாம் இரண்டு பேருக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தாள். தப்பில்லை என்று விட்டுவிட்டாள்.

"அண்ணி, நாளைக்கு வண்டியை சர்வீஸுக்கு விடறேன். அவருட்ட சொல்லிடுங்க," என்பான் தம்பி. அவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"கேட்டுச்சுன்னு சொல்லு," என்பார் அவர், தட்டைப் பார்த்து.

"கேட்டுச்சாம்," என்பாள் பாபின்.

"எத்தனை நாளைக்குன்னு கேளு."

"ஒரு நாள்னு சொல்லிடுங்க அண்ணி."

இப்படி ஒரு பேச்சை முடிப்பதற்குள் அவள் சாப்பாடு ஆறிப்போகும்.

பட்டறையில் ஒரு பூனையும் திரிந்தது. யார் வீட்டுப் பூனையும் இல்லை. சண்டைக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஸ்பாஞ்சு வெட்டுத் துண்டுகளின் குவியலுக்குள் குட்டியாகக் கிடந்தது. சாம்பல் நிறம், பெட்டை. கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் காணாமல் போகும். துணிக்குப் பின் அடிக்கிற ஸ்டேப்ளர் கன் 'டப்' என்று ஒரு முறை அடித்தால் போதும், தெருக்கோடியில் நிற்கும். அப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளிக்கு எந்தத் தைரியத்தில் இந்தப் பட்டறைதான் வேண்டும் என்று தோன்றியதோ, ஆள் ஓய்ந்ததும் திரும்ப வந்துவிடும்.

வளர்ந்த பிறகுதான் பாபின் அதன் கழுத்தைப் பார்த்தாள். பச்சை நைலான் கயிறு. ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டுகிற கயிறு. குட்டியாக இருந்தபோது யாரோ சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். பூனை வளர்ந்தது, கயிறு வளரவில்லை. இப்போது சுற்றிலும் முடி கொட்டி, தோல் வீங்கி, கயிறு சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பால் வைத்தால் தலையைச் சாய்த்துச் சாய்த்து விழுங்கும். பாதி வெளியே வந்துவிடும். மூச்சு விடும்போது கரகரவென்று ஒரு சத்தம்.

"அவன்தான் கட்டியிருப்பான்," என்றார் அண்ணன். "ரோட்டுக்கு ஓடக் கூடாதுன்னு கட்டிப் போட்டிருப்பான். அப்புறம் மறந்திருப்பான்."

"அவருதான் அண்ணி," என்றான் தம்பி. "ஸ்பாஞ்சக் கிழிக்குதுன்னு எங்கயாவது கட்டிப் போட்டிருப்பாரு. வேற யாருக்கு அந்த முடிச்சு வரும்?"

அந்த முடிச்சு இருவருக்கும் வரும், அவளுக்கும் வரும். யார் கட்டினால் என்ன, அந்தத் தெருவில் பச்சைக் கயிறு வாங்குகிற பட்டறை இது ஒன்றுதான். அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. நம் கயிற்றில் ஒரு உயிர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கில் தொங்குகிறது என்று நினைப்பு வந்தால், மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவாள்.

இரண்டு வாரமாக அவள் செய்யாத வித்தை இல்லை. கூடையைக் குச்சியில் முட்டுக்கொடுத்து, கீழே மீன் தலை வைத்து, நூலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூனை கூடைக்கு வெளியே உட்கார்ந்து, ஒரு கையை மட்டும் உள்ளே விட்டு மீனை இழுத்துக்கொண்டது. போர்வையைப் போட்டுப் பிடிக்கலாம் என்று வெல்டிங்காரர் கைக்குத் தடி உறை மாட்டிக்கொண்டு வந்தார். போர்வை விழுந்த இடத்தில் அவர்தான் இருந்தார். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டதற்கு, "கயிற வெட்டறது ரெண்டு நிமிஷ வேலைம்மா. பிடிச்சுக் கொண்டாங்க, போதும்," என்றார். பிடிப்பதுதானே பாடு.

அப்புறம் அவள் ஒன்றைக் கவனித்தாள். மூன்று நாளாக, சாப்பாட்டு வேளையில் கம்ப்ரஸர் நின்றதும், பூனை சுவரோரமாக வந்து பல் டாக்டர் கிளினிக்குக்குப் போகவேண்டிய சோஃபாவுக்கு அடியில் நுழைந்தது. இரண்டு பேர் உட்காரும் சின்ன சோஃபா. மேல்வேலை எல்லாம் முடிந்து, அடித்துணி மட்டும் பாக்கி. பூனை அடிவழியாக மேலே ஏறி, ஸ்பிரிங்குகளுக்கு நடுவே சட்டத்து மூலையில் படுத்து, ஒரு மணி நேரம் தூங்கும். அது நிம்மதியாக இருந்த இடம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

"மூடிட்டா என்ன?" என்றாள் புருஷனிடம்.

"எத?"

"அடித்துணிய. அது உள்ள இருக்கும்போதே."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இன்னைக்கு சாயங்காலம் அந்த சோஃபா கிளினிக்குல இருக்கணும். பூனைய உள்ள வெச்சு மூடச் சொல்றியா?"

"தம்பி நாலு மணிக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள டாக்டரக் கூட்டிட்டு வந்துடறேன். அவரு ஊசி போட்டு மயங்க வெச்சா, எடுத்துட்டு நீங்க திரும்ப மூடிடுங்க."

"கன் சத்தம் கேட்டா பிச்சுக்கிட்டு ஓடிரும்."

"கன்னு எதுக்கு? கையால தெச்சுடறேன்."

அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார். அவர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். இருபது வருஷத்தில் அவளுக்கு அது பழகியிருந்தது.

காற்றே இல்லாத மத்தியானம். மழை வரப்போகிற புழுக்கம். பாபின் தரையில் மல்லாந்து படுத்து, சோஃபாவுக்கு அடியில் தலையையும் தோளையும் நுழைத்துக்கொண்டாள். வளைந்த ஊசியும் மெழுகு தடவிய நூலும் கையில். முகத்துக்கு ஒரு முழம் மேலே பூனையின் வயிறு ஏறி இறங்கியது. கரகர சத்தம் நன்றாகக் கேட்டது. அண்ணன் காலையிலேயே மூலையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்த துணியை விரல்களால் பிடித்துப் பிடித்து, சட்டத்தில் ஓடும் பட்டையோடு சேர்த்து, மூச்சுகூட விடாமல் தைத்தாள். மூன்று பக்கம் தைத்து நாலாவது பக்கம் பாதி வரும்போது பூனை கண் திறந்தது. அவளையே பார்த்தது. அவளும் அசையவில்லை. கடைசியில் அது கண்ணை மூடிக்கொண்டது. ஐயோ பாவம், என்னை நம்பிவிட்டாயே என்று அவளுக்கு இருந்தது.

முடிச்சுப் போட்டு எழுந்தபோது முதுகெல்லாம் மரத்தூள். ஊசியை மீதி நூலோடு தோள் துணியில் குத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். "சத்தம் போடாம பாத்துக்குங்க," என்று புருஷனிடம் சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார். அப்புறம், மயக்கம் தெளிந்ததும் பூனையை எதில் போடுவது என்று யோசனை வந்திருக்கிறது. பக்கத்துப் பட்டறைக்குப் போனார். அங்கே வெல்டிங்காரர் கம்பி வலையை மடக்கி ஒரு கூண்டு பற்றவைக்க, இவர் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பற்றவைக்கிற சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

மூன்று மணிக்கே வானம் இருட்டிவிட்டது. மழைக்கு முன்னால் போட்டுவிடலாம் என்று தம்பி வண்டியைக் கொண்டுவந்தான். குனிந்து பார்த்தான். அடித்துணி மூடியிருந்தது. சாக்பீஸ் எழுத்து இருந்தது. பலகையைச் சாய்த்து வைத்து, கயிற்றைப் போட்டு இழுத்து ஏற்றினான். சின்ன சோஃபாவுக்கு அவனுக்கு ஆள் துணை தேவையில்லை. தார்ப்பாயை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பாபினுக்கு டாக்டர் கிடைக்கவில்லை. எங்கேயோ மாடு ஈன முடியாமல் கிடக்கிறது என்று போயிருந்தார். ஐந்து மணிக்கு வருவார் என்றார்கள். அவள் திரும்பி வந்தபோது புருஷனும் கூண்டோடு வந்தார். சோஃபா இருந்த இடத்தில், மரத்தூளில் நாலு கால் தடமும் அவள் படுத்திருந்த தடமும் மட்டும் இருந்தன.

"எங்கடி?" என்றார் அவர்.

அவள் பதில் சொல்லாமல் போனை எடுத்தாள். மூன்று தடவை அடித்த பிறகுதான் தம்பி எடுத்தான்.

"இறக்கியாச்சு அண்ணி. டாக்டர் பாத்துட்டாரு, நல்லாயிருக்குன்னாரு. ஆளுங்க உக்காந்தே பாத்துட்டாங்க."

"எழுப்புங்க தம்பி! எழுப்புங்க அவங்கள!"

"ஏன் அண்ணி?"

"உள்ள பூனை இருக்கு."

"எதுக்குள்ள?"

"சோஃபாவுக்குள்ள. நான்தான் உள்ள வெச்சுத் தெச்சேன்."

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ "சார், எந்திரிங்க சார், தயவுசெஞ்சு" என்று கெஞ்சுவது கேட்டது. திரும்ப வந்து, "கையால தெச்சிருந்ததப் பாத்தேன் அண்ணி," என்றான். "ஒரு மூலை கனமாவும் இருந்துச்சு. அவரு சட்டத்துல கட்டைய மாத்திட்டாரு போலன்னு நெனச்சேன். கேக்கலாம்னா..."

வெல்டிங்காரரின் பைக்கை வாங்கிக்கொண்டு இருவரும் பறந்தார்கள். கிளினிக் நாலு கிலோமீட்டர். பாதி வழியில் அவர் தலையைத் திருப்பாமலே, "அவன்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றார்.

"யாரு சொல்லியிருக்கணும்?"

"நீதான்."

"நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். நீங்க அடுத்த கடையில இருந்தீங்க."

அவர் வண்டியை இன்னும் வேகமாக விட்டார்.

கிளினிக்கின் முன்னறையில் தம்பி சோஃபாவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான், யாரோ அடிக்க வருகிற மாதிரி. இரண்டு நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். அதில் பெரிய கன்னக்காரர் வாயைக் கோணி, "நான் உக்காந்தப்போ உள்ள ஏதோ நெளிஞ்சுது. புது ஸ்பிரிங் அப்படித்தான் இருக்கும்னு இருந்துட்டேன்," என்றார். பல் டாக்டர் வெள்ளை அங்கியோடு வாசலில் நின்று, இது எங்கே போய் முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். கோபப்படவில்லை.

பாபின் மண்டியிட்டு இருக்கையில் காதை வைத்தாள். கரகர சத்தம் இருந்தது. ஆனால் விட்டு விட்டு வந்தது, நடுவில் நீளமாக நின்று போனது. ஒரு மத்தியானம் முழுக்க இருட்டு, அதில் வண்டிக் குலுக்கல், தலைக்குமேல் ஆள் கனம். பயத்தில் மூச்சு முட்டி, இருக்கிற கொஞ்சம் வழியும் அடைபட்டுக்கொண்டிருந்தது.

"வண்டியிலயே ஏத்தி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாமா அண்ணி?" என்றான் தம்பி.

"தாங்காது. டாக்டரும் அங்க இல்ல," என்றாள் அவள். பல் டாக்டரைப் பார்த்தாள். "உங்ககிட்ட சின்ன கத்தரி இருக்கும்ல சார்?"

"இருக்கு. ஆனா நான் மனுஷங்க வாய்க்குள்ளதான் வேலை செஞ்சிருக்கேன்."

"இதுவும் அவ்வளவுதான் சார். இருட்டு, எச்சில், கடிக்கும்."

கவிழ்த்தால் பூனை உருண்டு ஸ்பிரிங்கில் சிக்கும். அதனால் சோஃபாவை அப்படியே நேராகத் தூக்கிப் பிடிக்கவேண்டும், அவளும் டாக்டரும் அடியில் போகவேண்டும். அண்ணன் ஒரு தலைமாட்டில் நின்றார், தம்பி மறு தலைமாட்டில். பெரிய சோஃபா என்றால் இந்த எட்டு மாதமும் இருவரும் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். அண்ணன் தலையசைப்பார், தம்பி தூக்குவான், அவ்வளவுதான். இன்றைக்கும் அவர் தலையசைத்தார். முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார்கள். பாபின் அடியில் போய் மல்லாந்து படுத்தாள். பல் டாக்டர் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு பக்கத்தில் அதேபோல் மல்லாந்து படுத்தார்.

தான் போட்ட தையலைத் தானே ஒரு சாண் அளவுக்கு அறுத்தாள். துணிக்குள் ஏதோ உருண்டு ஒரு பக்கமாகப் போனது.

"அண்ணே, உன் பக்கம் சாயுது. தூக்கு," என்றான் தம்பி.

"தூக்கிட்டுதான்டா இருக்கேன். நீ இறக்காத."

"நான் எங்க இறக்கினேன்? நேரா பிடி."

"நீ முட்டியக் குடுத்துக்க. கை நடுங்குது பாரு உனக்கு."

மேலே நடந்த இந்தப் பேச்சு பேசியவர்களுக்கே உறைக்கவில்லை. கீழே படுத்திருந்தவளுக்கு உறைத்தது. ஆனால் அதை நினைத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. வலது கையை ஓட்டைக்குள் விட்டாள். முடி, சூடு, நடுக்கம். விரல் கழுத்தைத் தேடிப் போவதற்குள் பூனை அவள் கட்டைவிரல் அடிச்சதையில் பல்லை இறக்கியது. அப்படி ஒரு கடியை அவள் ஜென்மத்தில் வாங்கியதில்லை. கையை இழுக்கத்தான் உடம்பு சொன்னது. இழுக்கவில்லை.

"சார், கடிச்சிருக்கு. விடாது. விடாத வரைக்கும் தலைய ஆட்டாது. இப்பவே வெட்டுங்க."

"கயிறு எங்கம்மா?"

"என் விரலோட ஒட்டி. கீழ."

டாக்டர் வளைந்த கத்தரியை உள்ளே விட்டார். "கொஞ்சம் வலிக்கும்," என்றார், பழக்க தோஷத்தில். அவளிடம் சொன்னாரா பூனையிடம் சொன்னாரா தெரியவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பூனை வாயைத் திறந்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, வாசல் பக்கம் இருந்த யாரும் அதுவரை கேட்டிராத நீளத்துக்கு அது ஒரு மூச்சு இழுத்தது. துணியைக் கிழித்துக்கொண்டு பாபின் நெஞ்சில் பொத்தென்று விழுந்து, பெரிய கன்னக்காரர் காலுக்கு நடுவே பாய்ந்து, செருப்பு அடுக்கில் ஏறி, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போய்விட்டது. வெளியே அப்போதுதான் மழை பிடித்திருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எதற்குப் பார்க்கவேண்டும்?

டாக்டர் இடுக்கியில் பிடித்து அந்தப் பச்சை வளையத்தை வெளிச்சத்தில் காட்டினார். ஒரு குழந்தையின் மணிக்கட்டுக்குக்கூடக் காணாது. முடிச்சு அப்படியே இருந்தது. சகோதரர்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"நம்ம கயிறுதான்," என்றார் அண்ணன்.

"ஆமா," என்றான் தம்பி. யார் கட்டியது என்று இருவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் இன்னும் சோஃபாவைத் தூக்கிக்கொண்டே நின்றார்கள். "இறக்கலாம்ப்பா," என்று டாக்டர்தான் சொல்லவேண்டியிருந்தது.

அவள் கையைக் குழாயடியில் வெகுநேரம் பிடிக்கச் சொன்னார். மருந்து போட்டு விரல்களையும் சேர்த்துக் கட்டினார். "தடுப்பூசி இன்னைக்கே போட்டாகணும். நாளைக்குன்னு தள்ளாதீங்க," என்று அவளிடம் ஒரு தடவை, அண்ணனிடம் ஒரு தடவை, தம்பியிடம் ஒரு தடவை சொன்னார். அப்புறம் மணியைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது. கன்னங்கள் காத்திருந்தன.

சோஃபாவைக் கவிழ்த்துப் போட்டார்கள். அடித்துணி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பாபின் இடது கையால் தோளில் குத்தியிருந்த வளைந்த ஊசியை எடுத்தாள். வலது கை கட்டுக்குள் இருந்தது. புருஷனைப் பார்த்தாள். கொழுந்தனைப் பார்த்தாள். ஊசியை யாரிடமும் நீட்டவில்லை. சோஃபாவின் சட்டத்துமேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நிஜமாகவே மழையைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று.

"கன்னு பட்டறையில இருக்கு," என்றார் அண்ணன் பொதுவாக.

தம்பி மண்டிபோட்டு உட்கார்ந்தான். கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டான். ஊசியை எடுத்தான்.

எட்டு மாதம் தொடாத கை. போதாததற்கு, கால் மணி நேரம் சோஃபாவைத் தாங்கிய நடுக்கம் வேறு. முதல் நாலு தையல் சரியாக விழுந்தது. நடுவில் துணி கிழிந்த இடத்தில் இழுப்பு ஏறி, வரிசை ஒரு விரல் அளவுக்குக் கோணிக்கொண்டது. அண்ணன் தலைக்குமேல் நின்று பார்த்தார். அவருடைய வலது கை சட்டைப் பைக்குப் போனது. பிளேடு அங்கேதான் இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் பாபின் அதைப் பார்த்துவிட்டாள். கையில் இருந்த வலி போன இடம் தெரியவில்லை.

"கோணுது," என்றார் அண்ணன்.

தம்பியின் கை நின்றது. நிமிரவில்லை. "பிரிச்சிடவா?" என்று கேட்டான்.

அண்ணன் அந்தத் தையலை நன்றாகக் குனிந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். அவர் முகம், பல் பிடுங்க உட்கார்ந்தவர்கள் முகத்தைவிட மோசமாக இருந்தது. பையிலிருந்து கையை எடுத்தார். வெறும் கை.

"அடியிலதானே," என்றார். "யாரு பாக்கப் போறா."

தம்பி தைத்து முடித்தான். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தான். "புடி," என்றார் அண்ணன். இருவரும் சோஃபாவை நிமிர்த்தி வைத்தார்கள். பெரிய கன்னக்காரர் முதலில் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பைக்கை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு, தடுப்பூசி போடும் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்துப் போனார்கள். பாபின் நடுவில். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு உயர்த்திப் பிடித்திருந்தாள். மதில் சுவர், கூரை ஓரம், நிறுத்தியிருந்த வண்டிகளின் அடி என்று அவள் கண் போய்க்கொண்டே இருந்தது. சாம்பலாக ஒன்றும் தெரியவில்லை. பழக்கமில்லாத தெரு, மழை, தனியாக எங்கே ஒண்டியிருக்கிறதோ என்று அழுகை வந்தது. கொஞ்சம் அழுதாள். நல்லா மூச்சு விடுமே, அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அந்த சோஃபா அஞ்சாறு வருஷத்துல துணி மாத்த வந்துரும்," என்றார் அண்ணன், ரோட்டைப் பார்த்தபடி.

"வரட்டும்."

"அப்ப அந்தத் தையலப் பிரிப்பேன்."

"பிரிச்சுக்க. நானே கொண்டாந்து இறக்கறேன்."

"வைப்பர் என்னடா இப்படி இழுக்குது? சர்வீஸுக்கு விட்டியா இல்லையா?"

"விட்டேன் அண்ணே. நீ வேற."

இருவரும் அவள் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் அவளிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.